மாவரைக்கும் காற்றாலை

ஆடி 1, வெள்ளி

இந்த டைரி காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் தை மாதம் கொடுத்தது. இத்தனை நாளும் அலமாரியில் கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். என் வயிற்றெரிச்சலை எங்கேயாவது கொட்ட வேண்டும். மனுஷர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழும் ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறான். இன்றைக்கு, "பொறுமை கடலினும் பெரிது." இதைப் போட்டவனைக் கூட்டி வந்து என் வீட்டுக்காரரோடு ஒரு வாரம் குடியிருக்கச் சொல்ல வேண்டும்.

புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பார்கள். எழுதலாம். குற்றாலிங்கம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரைக்கும் ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்தவர், ஓய்வு பெற்றதும் கரண்டே இல்லாமல் மாவரைக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஹாலந்து தேசத்தில் அந்தக் காலத்தில் காற்றாலையில்தான் மாவரைத்தார்களாம். போனில் பார்த்தாராம். பார்த்தால் பார்த்துவிட்டுப் படுக்க வேண்டியதுதானே? வீட்டுக்குப் பின்னால் என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த நிலத்தில் கல்லால் உருண்டையாக ஒரு கோபுரம் எழுப்பி, அதற்கு மரத்தில் தொப்பி போட்டு, நாலு இறக்கையும் மாட்டிவிட்டார். ஒன்றரை வருஷமாக இதே வேலை. சுற்றிலும் கம்பெனிக் காற்றாலைகள் வெள்ளை வெளேரென்று உயர்ந்து நின்று கரண்ட் எடுக்கின்றன. நடுவில் இது நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இன்று மகன் தினகர் சென்னையிலிருந்து பேசினான்.

"அப்பா, கம்பெனிக்காரங்க நம்ம நிலத்தக் கேக்குறாங்க. வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. அந்தப் பொம்மைய வச்சு என்ன செய்யப் போறீங்க?"

பொம்மை என்றதும் இவருக்கு வந்ததே கோபம்.

"ஏல, ஆடிக் கடைசி வெள்ளிக்கு முத்தாரம்மன் கோயில்ல ஊத்துத கூழுக்கு இதுலதான் மாவரைப்பேன். அரைச்சுட்டா நிலத்தப் பத்தி நீ வாயே தொறக்கப்படாது."

"அரைக்கலைன்னா?"

"ஆவணி மொத முகூர்த்தத்துல பத்திரம் முடிச்சிட்டு ஒன் வீட்டுக்கு வந்துருதோம். போதுமா?"

எப்படியும் ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். கம்பெனியும் ஆவணிக்குத்தான் காத்திருக்கிறது. ஆக, ஒரு மாதத் தவணை. அப்பாவும் மகனும் ஸ்பீக்கரில் பேசி முடித்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கென்ன? சென்னையில் லிஃப்ட் இருக்கிறது, திறந்தால் தண்ணீர் வரும் குழாய் இருக்கிறது, பேத்தி இருக்கிறாள். நான் போகத் தயார்.

ஆடி 3, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் வேடிக்கை பார்க்க ஆள் வரும். வந்தவர்களுக்கெல்லாம் இவர் விளக்கம் கொடுக்கிறார், நான் காப்பி கொடுக்கிறேன். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது, என் தலைவிதி.

வெளியே இறக்கைகள் சுற்றினால் தொப்பிக்குள் படுத்திருக்கும் கருவேல மரத்து அச்சு சுற்றும். அந்த அச்சில் ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம், ஓரமெல்லாம் மரப்பற்கள். அந்தப் பற்கள் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் இன்னொரு அச்சின் கூண்டுச் சக்கரத்தைத் தள்ளும். நிமிர்ந்த அச்சு கீழே இறங்கிக் கல்லைச் சுற்றும். அடிக்கல் அசையாது, மேல்கல் மட்டும் சுற்றும். ஆக மொத்தம் இது ஒரு பெரிய திருகை. என் அடுப்பங்கரையிலும் ஒரு திருகை இருக்கிறது. அதற்கு யாரும் தொப்பி போடவில்லை.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் முகம் காட்ட, தொப்பி மட்டும் திரும்பும். பின்னால் தரைவரைக்கும் ஒரு நீளமான வால்மரம் தொங்குகிறது. அதைத் தள்ளித்தான் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்குப் பெரிய சக்கரத்தைச் சுற்றிப் பூவரச மரத்தில் பிரேக் கட்டை. கயிற்றை இழுத்தால் கட்டை தூக்கிக்கொள்ளும், விட்டால் விழுந்து சக்கரத்தைக் கவ்வும்.

கல்லுக்கு மேலே தானியத் தொட்டி. அதன் அடியில் ஒரு சரிவுத் தட்டு. மேல்கல்லோடு சேர்ந்து சுற்றும் ஒரு நாலுமூலை இரும்புக் கம்பி அந்தத் தட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும். தட்டத் தட்டத் தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லுக்குள் விழும். வேகமாகச் சுற்றினால் வேகமாக விழும். இந்தக் கம்பியைக் காட்டி இவர் வந்தவர்களிடம் சொல்கிறார்: "வெள்ளைக்காரன் ஊர்ல இதுக்குப் பேரு பொம்பளப்பிள்ள. ஏன்னா சலசலன்னு வாய் மூடவே மூடாதாம்." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டாவது சுற்றுக் காப்பி கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

தொட்டியில் தானியம் குறைந்தால் தெரிவதற்கு ஒரு மணி கட்டியிருக்கிறார். தானியத்தின் பாரத்தில் ஒரு தோல்வார் இழுபட்டு நிற்கும். பாரம் குறைந்தால் வார் தளர்ந்து மணி கம்பியில் விழுந்து அடிக்கும். அது எங்கள் செவலைப் பசுவின் கழுத்துமணி. என்னிடம் கேட்காமல் எடுத்திருக்கிறார்.

"மணி அடிச்சா ஒடனே போடணும்," என்றார். "கல்லு சும்மா சுத்தப்படாது. நடுவுல தானியம் இல்லாம கல்லும் கல்லும் ஒரசுச்சுன்னா தீப்பொறி பறக்கும். மாவுத்தூசில பத்திச்சுன்னா அவ்வளவுதான், எல்லாம் சாம்பல்."

தீப்பிடிக்கும் சாமானை வீட்டுக்குப் பின்னால் கட்டி வைத்துக்கொண்டு அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

ஆடி 4, திங்கள்

காற்று இல்லை.

ஆடி 7, வியாழன்

இறக்கைகள் வெறும் மரச்சட்டம்தான். காற்று பிடிக்க மேலே துணி விரிக்க வேண்டும். ஹாலந்தில் பாய்மரத் துணியாம். இவர் ஊருக்குள் போய் பழைய பிளெக்ஸ் பேனர்களை வாங்கி வந்து கட்டியிருக்கிறார். அடுத்த வீட்டுக் குருவம்மாவின் பேரன் காதுகுத்து பேனர் ஒரு இறக்கையில். அதில் தாய்மாமன் மாலையும் கழுத்துமாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். இறக்கை சுற்றும்போது மனுஷன் தலைகீழாகப் போய்த் தலைகீழாக வருகிறார்.

குருவம்மா வந்துவிட்டாள்.

"மதினி, இது நல்லாருக்கா? எம் மவனோட மச்சினன் மூஞ்சி அந்தரத்துல தலகீழா தொங்குது. அவரு பாத்தாருன்னா எங்க வீட்டு வாசப்படி மிதிப்பாரா?"

"ஒங்க அண்ணாச்சிகிட்ட கேளு தாயி. எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

இவர் பேனரைத் திருப்பிக் கட்டிக் கொடுத்தார். இப்போது முகம் உள்பக்கம். மாமன் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்.

ஆடி 9, சனி

இன்று லேசாகக் காற்று வந்தது. பிச்சைக்கண்ணு ஆசாரி வந்து பற்களையெல்லாம் தட்டிப் பார்த்தார். மரவேலை முழுதும் அவருடையது. கோபக்காரர், ஆனால் வேலை சுத்தம். வெறும் அச்சோடு சுற்றவிட்டுப் பிரேக்கைச் சோதித்தார்கள். கயிற்றை விட்டதும் கட்டை விழுந்து 'கிர்'ரென்று கவ்வி நிறுத்திவிட்டது. "பூவரசு, அண்ணாச்சி. எங்க போனாலும் பிடிச்ச பிடி விடாது," என்றார் ஆசாரி.

நான் துணி காயப்போடப் போனபோது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

ஆடி 13, புதன்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே கொடியில் கிடக்கும் கைக்குட்டைகூட அசையவில்லை. செங்கோட்டைக் கணவாயை யாரோ கதவு போட்டுச் சாத்திவிட்டார்கள் போலிருக்கிறது. இத்தனை வருஷமாக ஆடியில் வாசல் தெளித்த தண்ணீர் தரையில் விழுவதற்குள் பறந்து போகும். இந்த வருஷம்தான் இப்படி. இவர் வாலைத் தெற்கே தள்ளுகிறார், வடக்கே தள்ளுகிறார். மேற்கேயிருந்து லேசாகச் சாரல் காற்று வந்தது. அடுப்பங்கரைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே தெரியுமே. "மேக்க திருப்புங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். திருப்பினார். இரண்டு சுற்று சுற்றியது.

அந்தச் சத்தம் தலைவலி. அதனால்தான் கவனித்தேன்.

ஆடி 18, திங்கள்

பதினெட்டாம் பெருக்கு. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று நாலு சோறு கிண்டினேன். கோயில் தலைவர் உலகநாதன் அண்ணாச்சி கூழுக்கான கம்பு மூட்டைகளைக் கொண்டுவந்து கோபுரத்தில் இறக்கினார். "மாவு வரலைன்னா சொல்லிருங்க தம்பி, சுரண்டைல மில்லுல குடுத்துருவோம்," என்றார் தன்மையாகத்தான். இவருக்குச் சோறு இறங்கவில்லை.

மத்தியானம் கம்பெனி ஆள் வந்து நிலத்தை அளந்தான். கோபுரத்தைத் தொட்டுப் பார்த்து, "இத ஒரே நாள்ல தட்டிரலாம் சார்," என்றான். அவனுக்கு மோர் கொடுக்க வேண்டியிருந்தது. உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன்.

ஆடி 22, வெள்ளி

சென்னைக்குச் சாமான் கட்டினேன். ஒரு வருஷத்து அரிசி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, எல்லாம் புடைத்துச் சாக்கில் கட்டியாயிற்று. அங்கே கடையில் வாங்குவது வாயில் வைக்க வழங்காது. திருகை கனம், எடுக்க முடியாது. பிறகு எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். மருமகள் வீடியோவில் என் அறையைக் காட்டினாள். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஏசி பெட்டி தெரிகிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டேன். "ஃபேன்லேர்ந்து அத்தை," என்றாள்.

ஆடி 26, செவ்வாய்

இன்று கடைசி ஆடிச் செவ்வாய். நானும் குருவம்மாவும் நோன்பு இருந்தோம். ஔவையார் நோன்பு. உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்துக் கும்பிடுவது. ஆம்பளைகள் பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது, இந்த நோன்பில் நடந்தது எதையும் அவர்களிடம் சொல்லவும் கூடாது. நம் வீட்டில் எது நிலைக்க வேண்டும் என்று மனசில் நினைக்கிறோமோ அதற்கு மஞ்சளும் பொட்டும் வைப்பது எங்கள் அம்மா காலத்திலிருந்து வழக்கம். சிலர் நெல் குதிருக்கு வைப்பார்கள். சிலர் பசுவுக்கு.

கும்பிட்டு முடித்தபோது மஞ்சளும் குங்குமமும் கையில் இருந்தன. விளக்குக்கு எடுத்த நல்லெண்ணெய் பாதிப் பாட்டில் மிச்சம். கோபுரத்துக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. மர ஏணி எனக்கொன்றும் பெரிதில்லை. சாமிக்கு எண்ணெய்க் காப்புப் போடுகிற மாதிரிதான்.

டைரி ஆம்பளையா பொம்பளையா என்று தெரியாது. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆடி 28, வியாழன்

விரலெல்லாம் எரிகிறது. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

காலையில் இவர் மேலே போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இறங்கினார். ரொம்ப நேரம் மேலேயே இருந்தார். இறங்கி வந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல," என்றார். காற்று மெல்லியதாக இருந்தது. அதனால் நாலு இறக்கையிலும் முழு பேனரையும் விரித்துவிட்டார். கயிற்றை இழுத்தார். சக்கரம் நகர்ந்தது.

நான் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அதற்குத்தான் போனேன். கல் இருக்கும் தளத்தில் ஏறி நின்றபோது கம்பி தட்டைத் தட்ட, கம்பு இறங்க, கீழே துணிக்குழாயில் மாவு வந்தது. கையில் பிடித்துப் பார்த்தேன். சூடாக, கம்பு வாசத்தோடு, விரலில் ஒட்டாத பதம். என் திருகையில்கூட இவ்வளவு சன்னமாக வராது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கியது. மாவுத்தூசி பட்டிருக்கும்.

கூழுக்கு வேண்டிய மாவைச் சாக்கில் பிடித்துக் கட்டி வாசலுக்கு உருட்டிவிட்டோம். தொட்டியில் கொஞ்சம் கம்புதான் மிச்சம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அப்போதுதான் கணவாய்க் கதவு திறந்தது. கம்பெனிக் காற்றாலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமின. எங்கள் கோபுரம் ஒருமுறை குலுங்கியது. கம்பி தட்டுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது போய் ஒரே இரைச்சலாயிற்று. இவர் பிரேக் கயிற்றை விட்டார். மேலே கட்டை விழுந்த சத்தம் கேட்டது. சக்கரம் சட்டை பண்ணவில்லை. இழுத்து மறுபடி விட்டார். விழுந்தது, வழுக்கியது. மேலேயிருந்து பணியாரம் சுடுகிற மாதிரி வாசம் வந்தது.

அந்த வாசம் எனக்குத் தெரியும்.

செவலையின் மணி அடிக்க ஆரம்பித்தது.

"பிரமு! கம்பு தீருது! கல்லு சும்மா சுத்தப்படாது, எதையாவது போடு!" என்று இவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"நீங்க எறங்கி வாங்க முதல்ல! ரெண்டு பேரும் வெளிய ஓடிருவோம்!"

"ஓடினா தீப்பிடிச்சு இந்தக் காத்துல குருவம்மா ஓலக் கொட்டகை வரைக்கும் போயிரும்ட்டி! தானியம் போட்டா பாரத்துல வேகமும் கொறையும். போடு!"

ஓடினேன். அறுபது வயசில் அப்படி ஓடுவேன் என்று நினைக்கவில்லை. சென்னைக்குக் கட்டி வைத்த சாக்குகள்தான் கைக்கு வந்தன. அரிசியைக் கொட்டினேன். மணி நின்றது. மறுபடி அடித்தது. உளுந்தைக் கொட்டினேன். பாசிப்பயறு. மல்லி. ஒரு வருஷமாகப் புடைத்துக் கல் பொறுக்கி வைத்தது, விழுங்க விழுங்க அதற்குப் போதவில்லை. குருவம்மா சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

"ஏ மதினி, என்ன போடணும்?"

"எது இருந்தாலும் கொண்டா!"

மக்காச்சோளம் கொண்டுவந்தாள். சோளம் தீர்ந்ததும் பதற்றத்தில் மிளகாய் வற்றல் சாக்கைக் கொண்டுவந்து தலைகீழாகக் கவிழ்த்துவிட்டாள். அதற்கப்புறம் நாங்கள் மூன்று பேரும் இருமியதும் தும்மியதும் அழுததும் சொல்லி முடியாது. கண்ணைத் திறக்க முடியாமல், கையால் தடவித் தடவித் தொட்டியில் கொட்டினேன். ஒரு கையில் முறம், இன்னொரு கையால் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு, வாயில் வந்தபடியெல்லாம் இவரைத் திட்டினேன்.

வாலைத் திருப்பிக் காற்றுக்குப் பக்கவாட்டில் தொப்பியைக் கொண்டுபோனால்தான் இறக்கைகள் அடங்கும். ஆனால் காலையில் இவர் வால்மரத்தைச் சங்கிலி போட்டு இறுக்கியிருந்தார், காற்றின் இழுப்பில் கொக்கி வளைந்து சிக்கிக்கொண்டது. கோயிலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களை உலகநாதன் அண்ணாச்சி கூட்டி வந்தார். ஆசாரி கொக்கி மாட்டியிருந்த மரமுளையைக் கோடாலியால் வெட்டினார். வடம் கட்டித் தேர் இழுக்கிற மாதிரி எல்லாரும் சேர்ந்து வாலை இழுத்தார்கள். யாரோ "முத்தாரம்மனுக்கு" என்று குரல் கொடுத்தார்கள். தொப்பி முனகிக்கொண்டே திரும்பியது. இறக்கைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. கம்பி தட்டுவது மறுபடி தனித்தனியாகக் கேட்டது. கடைசியில் ஒரு தட்டு. அப்புறம் ஒன்றும் இல்லை.

காதுகுத்து மாமன் பாதி கிழிந்து தொங்கினார்.

இவர் ஏணியடியில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் மாவு. கூட்டத்தைப் பார்த்து, "கட்ட மரம் சரியில்ல," என்றார்.

நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஆடி 29, வெள்ளி

கூழ் ஊற்றினார்கள். எங்கள் மாவில். கடைசியில் அரைபட்ட கம்பு மாவையும் சேர்த்துவிட்டதால் லேசாகக் கருகல் வாசம் அடித்தது. "அம்மனுக்கு இந்த வருசம் வறுத்த கம்புல ஆச வந்திருக்கு," என்று உலகநாதன் அண்ணாச்சி சொல்லிவிட்டார். அதற்கப்புறம் யாரும் குறை சொல்லவில்லை. அரிசி, உளுந்து, பயறு, மல்லி, மிளகாய் எல்லாம் கலந்த மாவைக் கரைத்துக் குருவம்மா அடை சுட்டாள். தெருவே வந்து வாங்கித் தின்றது. நடுநடுவே கல் கடித்ததாம். கடிக்கட்டும்.

ஆக, பந்தயத்தில் இவர் ஜெயித்தாயிற்று. ஆனால் கோயிலுக்கு வரவே இல்லை. கோபுரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரு தூக்கு நிறையக் கூழ் கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போய் அப்படியே இருக்கிறது.

ஆடி 30, சனி

யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தினகர் காலை ரயிலில் வந்து இறங்கினான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, பந்தயமெல்லாம் இருக்கட்டும். அம்மா உள்ள மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சரிப்பா. வித்துருவோம். நாளைக்கழிச்சு ஆவணி பொறக்குதுல்லா, கம்பெனிக்காரன வரச் சொல்லு."

ஒன்றரை வருஷம் ஊரே சிரித்தபோது அசையாத மனுஷன். என்னால் நம்ப முடியவில்லை.

அதற்குள் ஆசாரி கருகிய பிரேக் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் பொத்தென்று போட்டார். "எம் மரத்த ஊரெல்லாம் கொற சொல்லிருக்கீக அண்ணாச்சி. மோந்து பாருங்க. இதுல என்ன வாசம் வருது?"

இவர் அவசரமாக எழுந்தார். "இல்ல ஆசாரி, தப்புதான். நாந்தான் கிரீஸ சிந்திட்டேன். ஒம்ம மரத்துல ஒரு கொறையும் இல்ல."

"கிரீஸா? கிரீஸ் வாசமா இது?"

"கிரீஸுதான்னு சொல்லுதேம்லா," என்றார் இவர். என் பக்கம் திரும்பவே இல்லை.

நேராகக் கோபுரத்துக்குப் போனேன். இவர் பின்னாலேயே வந்தார். சொல்லக்கூடாத நோன்பு. சொன்னால் பலிக்காது என்பார்கள். பலித்த லட்சணம்தான் பார்த்தாயிற்றே.

"அது கிரீஸ் இல்ல. நான்தான்..."

"தெரியும்ட்டி."

"என்ன தெரியும்?"

"அன்னைக்குக் காலைல மேல போனேம்லா. சக்கரத்துல மஞ்சப் பூசி, வரிசையா பொட்டு வச்சிருந்துச்சு. எண்ண வழிஞ்சு கட்ட வரைக்கும் எறங்கியிருந்துச்சு. தொடைக்கலாம்னு துணியக் கையில எடுத்தேன்."

"எடுத்து?"

"ஒன்றர வருசமா நீ இது பக்கமே வரல. வந்தாலும் திட்டத்தான் வருவ. மொத தடவையா வந்து பொட்டு வச்சிருக்க. தொடைக்க மனசு வரல."

இவர் பிரேக் கயிற்றைத் தொட்டுக்கொண்டே மேலே சொன்னார்.

"லேசான காத்துதானே, பாத்துக்கலாம்னு நெனச்சேன். பெறகு மணி அடிக்கு, நீ உள்ள நிக்க, கட்ட பிடிக்க மாட்டேங்கு... ஒனக்கு எதும் ஆயிருந்தா? போதும் பிரமு. எனக்குப் பயம் வந்துட்டு. சென்னைக்கே போயிருவோம்."

ஆத்திரத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எண்ணெய் பட்டால் கட்டை வழுக்கும் என்று தெரிந்த மனுஷன். கம்பத்துக்குக் கம்பம் ஏறி அபாயம் பலகை மாட்டின மனுஷன். பொட்டு அழியக்கூடாது என்று உயிரோடு விளையாடியிருக்கிறார். "ஒங்களுக்குப் புத்தி இருக்கா? பொட்டு என்னங்க பொட்டு, இன்னொண்ணு வச்சிருக்க மாட்டேனா நான்?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். இன்றைக்கு மாவுத்தூசியும் இல்லை, மிளகாயும் இல்லை. அழுதேன் என்றே எழுதுகிறேன். எனக்குப் போக மனசில்லை. ஆடி ஒன்றாம் தேதியும் மனசில்லைதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். தினகர் கம்பெனிக்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடிக்கட்டும் என்று நிற்கவில்லை.

"ஏல, அந்த நிலம் யாரு பேர்ல இருக்கு?"

"உங்க பேர்லதாம்மா."

"கையெழுத்து யாரு போடணும்?"

"நீங்கதான்..."

"நீயும் ஒங்கப்பாவும் பந்தயம் கட்டுனீக. அவரு ஜெயிச்சாரு, பெறகு அவரே தோத்துக்கிட்டாரு. நான் பக்கத்துல இருந்து பயறுதான் ஒடைச்சேன். ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

அவன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான்.

"போட மாட்டேன். அவன்கிட்ட சொல்லிரு. சொல்லிட்டுக் கை கழுவிட்டு வா, அடை ஆறிப்போகும்."

ஆவணி 1, திங்கள்

தினகர் நேற்று ரயிலேறிவிட்டான். உம்மென்றுதான் போனான். பை நிறைய அடை மாவு எடுத்துக்கொண்டு போனான்.

காலையிலிருந்து வேலை முதுகை ஒடித்துவிட்டது. சக்கரத்துக்குச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், எண்ணெய் போகவே மாட்டேன் என்கிறது. மூன்று தடவை தேய்த்துக் கழுவியாயிற்று. ஆசாரி புதுக் கட்டைக்குப் பூவரசு பார்த்துவிட்டார். மாமனுக்குப் பதிலாக வேறு பேனர் வேண்டும். பொட்டு வைத்தேன், ஒன்றே ஒன்று, அச்சின் நுனியில், எண்ணெய் இல்லாமல், கட்டை படாத இடத்தில். இனிமேல் அந்த ஏணியில் என்னைக் கேட்காமல் யாரும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். யாரும் என்றால் அவர்தான்.

இன்றைய பொன்மொழியைப் படிக்கவில்லை.

அடுப்புப் புகை கிழக்கே சாய்ந்துகொண்டிருந்தது, இப்போது வடகிழக்கே சாய்கிறது. காற்று தென்மேற்குக்கு மாறிவிட்டது. தொப்பி இன்னும் மேற்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இவர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார். வாலைத் திருப்ப நான்தான் போக வேண்டும்.